சுண்டெலியின் சிறுமூளையும் தோட்டத்து நோயாளியும்

இலங்கை மலையகத்தில் பூனாகலை போன்ற தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் தள்ளாடி இறங்கி வந்தால், குடித்திருக்கிறார் என்றுதான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பேசிக்கொள்வார்கள். அது சிறுமூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயாகவும் இருக்கலாம். அத்தகைய நோயான ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியாவின் முதல் வகை தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தில் மிகுந்திருப்பதை 2005இல் வந்த ஆய்வு காட்டியது. இலங்கையில் பரிசோதிக்கப்பட்ட குடும்பங்களிலும் இவ்வகையே அதிகம். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஐம்பது வீத வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினரான நாம் இதை அலட்சியம் செய்யலாகாது.

இந்நோயின் பரம்பரையலகை ஆய்வாளர்கள் ஹரி ஓரும் ஹுடா சொக்பியும் 1993இல் கண்டுபிடித்தார்கள். அதில் சிஏஜி என்னும் மூவெழுத்து அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. 1995இல் அந்தப் பிழையைச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். 2000இல் அதே குழுவினர், சிறுமூளையின் புர்க்கின்ஜி என்னும் நரம்புக் கலங்களில் கண்ணுக்குத் தெரியும் சிதைவு தொடங்குமுன்பே, கல்சியத்தைக் கையாளும் சில பரம்பரையலகுகளின் வெளிப்பாடு குறைவதைக் கண்டார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. மனித மூளை ஆய்வுகூடத்துக்குப் பெரும்பாலும் இறந்த பிறகுதான் வருகிறது. அதில் எது முதலில் கெட்டது, எது பின்விளைவு என்று பிரிப்பது கடினம். சுண்டெலியிலோ வாரவாரியாகப் பார்க்கலாம். பிழையான அலகை இடையில் நிறுத்தியும் பார்த்தார்கள். சீக்கிரம் நிறுத்திய எலிகள் நன்றாகத் தேறின, தாமதித்தவை அவ்வளவு தேறவில்லை என்று 2004இல் தெரிந்தது.

ஆனால் 1995இன் அந்த முதல் எலியில் 82 சிஏஜி மீள்வரவுகள். நோய்ப் புரதமும் இயல்பைவிடப் பன்மடங்கு, அதுவும் புர்க்கின்ஜி கலங்களில் மட்டும். 2002இல் எலியின் சொந்த அலகிலேயே பிழையைப் பதித்தது நல்ல திருத்தம். ஆயினும் அங்கே 154 மீள்வரவுகள். நடுவயதில் நோய் தொடங்கும் மனிதர்களிடம் பெரும்பாலும் நாற்பது, ஐம்பதுதான். இரண்டு வருடமே வாழும் பிராணியில் நோயைக் காண வேகத்தைக் கூட்டியாக வேண்டும் என்பது புரிகிறது. அப்படிக் கூட்டிய வேகமே சில மாற்றங்களை உண்டாக்கியிருக்கலாம் என்ற ஐயத்தையும் ஆய்வாளர்கள் சுமக்க வேண்டும். இன்னொரு குறை, பரம்பரையலகுகளின் வெளிப்பாட்டைத் திசுவை முழுதாக அரைத்து அளப்பது. கலங்கள் செத்துக் குறைந்தாலும் வெளிப்பாடு குறைந்ததாகவே கணக்கு காட்டும். கலம் கலமாகப் பிரித்து அளக்கும் இன்றைய முறை இதைப் பெருமளவு தீர்க்கிறது.

எலியில் கண்ட மாற்றம் மனித மூளைத் திசுவிலும் தெரிந்தால்தான் அதன்மேல் மருந்தைக் கட்ட வேண்டும். அதற்கு நோயாளிக் குடும்பங்கள் பதிவில் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தள்ளாட்டம் தொடரும் வீடு உங்கள் லயத்தில் இருந்தால், குடியென்று ஒதுக்காமல் நரம்பியல் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்.