படர்க்கையில் நிற்கும் குழந்தை: திருநங்கையர் தன்வரலாறுகளில் இல்லமும் பால்சுட்டும்

2021 நவம்பரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் ஆசிரியர்களுக்கென உருவாக்கிய கையேடு ஒன்று, வெளியான சில நாள்களிலேயே இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. பால்மாறுபாடு உணரும் குழந்தைகளைப் பள்ளி எவ்வாறு அரவணைக்க வேண்டும் என்பதே அக்கையேட்டின் பொருள். மாணவர் மனத்தில் தேவையற்ற அதிர்ச்சி உண்டாகும் என்பதே எதிர்ப்பின் சாரமாக அமைந்தது. அதனை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் 'குழந்தைகளின் நலன்' என்னும் ஒரே தொடரைக் கையாண்டனர். எதிர்த்தோர் கருதிய குழந்தை வகுப்பில் அமர்ந்திருக்கும் ஏனையோர். ஆதரித்தோர் கருதிய குழந்தை அவ்வகுப்பில் தனித்து நிற்கும் ஒருவர். இருசாராரும் குழந்தையைப் பற்றிப் பேசினர் என்பது வெளிப்படை. குழந்தையோடு பேசும் மொழி அவ்விவாதத்தில் எங்கும் தலைகாட்டவில்லை.

தமிழில் அம்மொழிக்குச் சான்று தேடுவோர்க்குக் கிடைப்பன, வளர்ந்தபின் தம் இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதிய திருநங்கையரின் தன்வரலாறுகளே. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' (2007), ஆ. ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) ஆகிய இரண்டும் இவ்வகையில் முதன்மையானவை. இந்நூல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகான வாழ்வை, அதாவது ஜமாத், கடைகேட்டல், நிர்வாணம், பாலியல் தொழில், காவல்துறையின் வன்முறை ஆகியவற்றையே பொருளாகக் கொள்கின்றன. அவ்வாய்வுகளில் வீடு என்பது அடிவிழும் இடம் என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. பிள்ளை வளர்ப்பு பற்றிய இன்றைய விவாதத்திற்கு இந்நூல்கள் தரக்கூடியது அவ்வொற்றை வரிக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது.

பழைய இலக்கண நூல்களும் இலக்கியங்களும் பேடு, பேடி, அலி என்னும் சொற்களை நன்கறிந்தவை. சிலப்பதிகாரம் குறிப்பிடும் பதினோராடலுள் காமன் ஆடிய பேடு ஒன்று. ஆயினும் அங்கு வருவோர் வளர்ந்தவர், ஆடரங்கில் நிற்பவர். திருமந்திரம் கருவுற்பத்தியைப் பேசுமிடத்து, மூச்சின் ஓட்டம் இருபுறமும் ஒத்திருப்பின் பிறக்கும் குழவி அலியாகும் என்று காரணம் கூறுகிறது. பிறப்புக்குக் காரணம் தேடிய மரபு, பிறந்த குழவி எவ்வீட்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சொல்லவில்லை. பிள்ளைத்தமிழ் ஆண்பாற் பிள்ளைத்தமிழ், பெண்பாற் பிள்ளைத்தமிழ் என இரண்டாகவே பகுக்கப்பட்டது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். சிற்றிலை இழைப்பது யார், சிதைப்பது யார் என்பது அவ்விலக்கியத்தில் முன்பே தீர்மானிக்கப்பட்ட செய்தி.

இலக்கணத்தின் நிலை இதனினும் நுட்பமானது. ஆண்மை திரிந்த பெயர்ச்சொல் ஆண்பாலை அறிவிக்கும் வினையீற்றோடு முடிதற்கு இடமில்லை என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் துணிபு. பவணந்தியார் ஒருபடி மேலே செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்றும் நன்னூல் வகுக்கிறது. 'அவாவுதல்' என்னும் வினை இங்குக் கருதத்தக்கது. உடற்குறியையோ பெற்றோரின் கூற்றையோ சான்றாகக் கொள்ளாது, உரியவரின் விழைவையே பால்சுட்டுக்கு அடிப்படையாக்கும் நூற்பா இது. இருவகையினரையும் அஃறிணை போலவும் கொள்ளலாம் என்று அதே நூற்பா முடிவதை மறைத்துவிட்டு, நன்னூலாரை இக்காலக் கொள்கையின் முன்னோடியாக நிறுத்துவது நேர்மையாகாது. விழைவை ஏற்பதும் உயர்திணையிலிருந்து விலக்குவதும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்வந்த சமூகம் இரண்டாவதையே இறுகப் பற்றிக்கொண்டது.

தமிழ் வினைமுற்றின் அமைப்பில் ஓர் உண்மை உண்டு. தன்மையும் முன்னிலையும் பால் காட்டுவதில்லை. 'வந்தேன்' என்பதும் 'வந்தாய்' என்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. படர்க்கையில் மட்டுமே 'வந்தான்', 'வந்தாள்' எனப் பிரிவு தோன்றுகிறது. இதன் விளைவாகத் தாயும் குழந்தையும் நேர்நின்று பேசும்போது, விளிச்சொற்களை நீக்கிப் பார்த்தால், மொழி யாதொரு பாலையும் கட்டாயப்படுத்துவதில்லை. குழந்தையைப் பற்றி மூன்றாமவரிடம், அண்டை வீட்டாரிடம், உறவினரிடம், ஆசிரியரிடம் பேசும் கணத்தில்தான் பெற்றோர் ஏதேனும் ஓர் ஈற்றைத் தெரிவு செய்தாக வேண்டும். தன்வரலாறுகளில் பெற்றோரின் சினம் மூளும் இடங்களை நோக்கினால், அவற்றுட் பல அயலார் கண் படும் இடங்களாகவே இருத்தல் தெரியவரும். தனியே இருக்கையில் காணாததுபோல் விடப்பட்டது, ஊர் பேசத் தொடங்கியதும் குற்றமாகிறது. குழந்தை மாறுவதில்லை, பெற்றோர் படர்க்கைக்குத் தள்ளப்படுகின்றனர்.

ரேவதியின் நூல் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. நாமக்கல் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் அவர். வாசல் பெருக்குதல், கோலமிடுதல், பாத்திரம் துலக்குதல் ஆகியன அவருடைய இளமைக்கால விருப்பங்கள். ஊர்த் திருவிழாவில் குறத்தி வேடம் புனைந்து ஆடும் நிகழ்ச்சி அந்நூலின் தொடக்கப் பகுதியில் உயிர்ப்புடன் அமைந்துள்ளது. வேடத்தைக் கலைத்து மீண்டும் ஆணுடை அணிந்தபோதுதான் வேடம் போட்டதாக உணர்ந்தார் என்னும் கருத்துப்பட அவர் எழுதுகிறார். திருவிழா நாளில் ஊரார் இரசித்த அதே நடை, மறுநாள் பள்ளிக்குச் செல்லும் வழியில் ஏளனத்திற்கு உரியதாகிறது. ஊர் பெண்வேடத்தைச் சடங்காக ஏற்கிறது, வாழ்வாக ஏற்பதில்லை. பெற்றோரும் ஊரோடு சேர்ந்தே இரசித்தனர், ஊரோடு சேர்ந்தே வெட்கினர். அவர்களுக்கெனத் தனித்ததொரு தீர்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இல்லத்தை விட்டு ஓடித் திரும்பியவரை உடன்பிறந்தார் அடிப்பதும், வளர்த்த கூந்தலை மழிப்பதும் இந்நூலின் கொடிய பகுதிகள். எனினும் அவர் மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறார். ஆய்வாளர் பலர் கடந்து செல்லும் செய்தி இது. திரும்பி வருதலைப் பாசம் என்று மட்டும் விளக்குதல் போதாது. பெற்றோரின் சொத்தில் பங்கு என்னும் வினா எழும்போது, அவரது வருகையின் உட்பொருள் புலப்படுகிறது. மகனுக்குரிய பங்கா, மகளுக்குரிய பங்கா என்னும் சிக்கல் அங்கே உடன்பிறந்தாரின் எதிர்ப்பாக வடிவெடுக்கிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை வழங்கிவிட்டது. ஆகவே சட்டப்படி இரண்டிற்கும் வேறுபாடு பெரிதில்லை. வேறுபாடு சட்டத்தில் இல்லாதபோதும் வீட்டில் இருந்தது என்பதையே அப்பகுதி உணர்த்துகிறது. பங்கு கேட்பது, அவ்வீட்டில் பிறந்த பிள்ளை என்னும் நிலையை எழுத்தில் பெறுவதற்கான முயற்சி என்று கொள்ளின், நூலின் பிற்பகுதி முற்பகுதியோடு இயைந்து நிற்கும்.

வித்யாவின் நூலில் வரும் தந்தை வேறு வகையினர். திருச்சிராப்பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த எளிய குடும்பம். பெண்மக்களுக்கு இடையே ஆண்மகவு எனக் கொண்டாடப்பட்ட பிள்ளை. படிப்பில் சிறிது பின்தங்கினாலும் அடி. பெண்மை வெளிப்படுவதற்கு முன்பே அவ்வீட்டில் வன்முறை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தலைமுறைகளாக மறுக்கப்பட்ட அனைத்தையும் ஒரே மகனின் கல்வி மீட்டுத் தரும் என்னும் நம்பிக்கையே அவ்வன்முறையின் ஊற்று. அம்மகன் மகளாகும்போது தந்தை இழப்பது ஓர் ஆண்பிள்ளையை மட்டுமன்று. குடும்பம் இட்ட ஒரே முதலீட்டை. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) நாவலில் மேகலையாக மாறும் சுயம்புவும் ஒரு பொறியியல் மாணவனாக இருப்பது தற்செயல் அன்று. கிராமத்துக் குடும்பம் ஒன்றின் எதிர்பார்ப்பு முழுவதையும் சுமந்து நகரக் கல்லூரிக்குச் சென்ற மகன் அவன். சமுத்திரத்தின் நாவலைப் புறத்திருந்து எழுதப்பட்டது என்று ஒதுக்குவோர் உளர். அக்குறை ஓரளவு உண்மையே. ஆயினும், இக்குடும்பப் பொருளியலை முதலிற் கண்டவர் அவரே என்னும் சிறப்பை மறுத்தல் இயலாது. பெற்றோர்க்கு அறிவுரை கூறும் இன்றைய கட்டுரைகள் புரிதலின்மை ஒன்றையே நோயென்று கொள்கின்றன. வறுமையும் சாதியும் மகன் என்னும் சொல்லின் மேல் ஏற்றிவைத்த சுமையை அவை காண்பதில்லை.

இத்தன்வரலாறுகளின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். இவை இருபது முப்பதாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவை. ஐயுறும் வாசகரை நோக்கி எழுதப்பட்டவை. ஆதலின் இளமைப் பருவம் சான்றுகளின் தொகுதியாக அமைந்துவிடுகிறது. அக்காவின் பாவாடை, கண்ணாடி முன் ஆட்டம், கோலம், பெண்பிள்ளைகளோடு விளையாட்டு என அச்சான்றுகள் நூலுக்கு நூல் ஒத்திருக்கின்றன. தம்மை மெய்ப்பித்தாக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்க்கு இம்முறை தவிர்க்கவியலாதது. அதனையே பெற்றோர் ஒரு சோதனைப் பட்டியலாக எடுத்துக்கொண்டால் இருவகைத் தீங்கு விளையும். கோலமிட விரும்பும் சிறுவனெல்லாம் ஐயத்திற்கு உள்ளாவான். அத்தகைய அடையாளம் எதுவும் காட்டாமல் பதின்பருவத்தில் தன்னை வெளிப்படுத்தும் பிள்ளை நம்பப்படாது போகும். குழந்தை வளர்ப்பு விவாதத்தில் இந்நூல்களை மேற்கோளாக ஆளுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நலம். நூலாசிரியர்களின் பிறப்புப் பெயர்களைத் தேடியெடுத்து அடைப்புக்குறிக்குள் இடும் ஆய்வுலக வழக்கமும் கைவிடத்தக்கதே. நூலில் உள்ளது என்பது அதற்குப் போதிய காரணமாகாது.

சட்டத்தின் நோக்கில் இல்லம் வேறொரு வடிவம் கொள்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தம் பாலைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் அவ்வவையில் நிறைவேறியது, எனினும் சட்டமாகவில்லை. 2019இல் இயற்றப்பட்ட சட்டமோ, பால்மாறுபாட்டைக் காரணமாக்கி எக்குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்றும், குடும்பத்தாரால் பேண இயலாதபோது நீதிமன்றம் மறுவாழ்வு மையத்திற்கு அனுப்பலாம் என்றும் வகுத்தது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும் என்றது. வெளியேற்றப்பட்ட பிள்ளையைத் தத்தெடுக்கும் திருநங்கைத் தாய், அவருக்கு மேல் நானி என விரியும் உறவுமுறைக்கு அச்சட்டத்தில் இடம் தரப்படவில்லை என்னும் குறை அந்நாளிலேயே எழுப்பப்பட்டது. தன்வரலாறுகள் அவ்வுறவை இலட்சியமாகத் தீட்டவில்லை. அங்கும் அதிகாரமும் சுரண்டலும் உண்டென்பதை ரேவதி ஒளிக்கவில்லை. ஆயினும் 'மகள்' என்னும் சொல் அவர்களுக்கு முதன்முதலில் கிடைத்த இடம் அதுவே. சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணையில், பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியே பெற்றோர்க்கு விழிப்புணர்வூட்ட வேண்டும் என்று கூறியது குறிப்பிடத்தக்கது. பெற்றோரும் கற்க வேண்டியவர் என்று ஒரு நீதிமன்றம் எழுத்தில் வைத்தது.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு மாற்றம் மேற்கூறிய பால்சுட்டுச் சிக்கலுக்கு நல்ல விளக்கமாகும். 'நான் வித்யா' என்னும் தமிழ்த் தலைப்பு தன்மையிடத்தையும் பெயரையும் மட்டுமே கொண்டது. எவரோடும் வாதிடாத தலைப்பு. கன்னடத்தில் அந்நூல் 'நானு அவனல்ல அவளு' ஆயிற்று. 2015இல் வெளிவந்த திரைப்படமும் அப்பெயரே தாங்கியது. அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். கன்னடத் தலைப்பு பிறர் வாயிலுள்ள படர்க்கையை எதிர்கொண்டு திருத்துகிறது. விளம்பரப் பலகைக்கு அது பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. தமிழ்த் தலைப்போ அத்திருத்தத்தைச் செய்யும் பொறுப்பை வாசகரிடமே விட்டுவிடுகிறது. நூலை மூடியபின் அதைப் பற்றிப் பிறரிடம் பேசத் தொடங்கும் வாசகர், பெற்றோர் நின்ற அதே இடத்தில் நின்று ஓர் ஈற்றைத் தெரிவு செய்கிறார்.

ஆய்வுலகம் இன்னும் தொடாத பக்கம் ஒன்று உண்டு. நன்னூலார் முதலில் வைத்தது பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை. தற்காலத் தமிழில் அவர்தம் இளமைப் பருவம் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு. ரேவதி 2016இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இரண்டாம் நூலில் திருநம்பியர் சிலரின் வாழ்க்கைக் கதைகளையும் சேர்த்தார். திருநங்கையர் தன்வரலாறுகளில் கதவு வெளியே தள்ளிச் சாத்தப்படுகிறது. திருநம்பியர் வாழ்வில் அது பெரும்பாலும் உள்ளே வைத்துப் பூட்டப்படுகிறது. பெண் எனக் கருதப்பட்ட பிள்ளை தெருவுக்கு ஓடவும் வழியின்றி, பருவம் எய்தியதும் சடங்குக்கும் பின் திருமணத்திற்கும் உள்ளாக்கப்படுகிறது. அவ்வீடுகளில் அடியின் ஓசை அண்டை வீட்டுக்குக் கேட்பதில்லை. அதனாற்போலும், தமிழில் அவை இன்னும் நூலாகவில்லை.