முள்ளை ஒட்டிய சதை

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் வாய்த்தது 1974-இல்தான். பழைய சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. புது மாவட்டம் அமைந்தபோது தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் பாக் விரிகுடாக் கரையும் கூடவே வந்தது. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனவர்கள் ஏராளம். அங்குள்ள கடலுணவகங்களைப் பற்றிக் கேட்டால் அவர்களில் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: நம்ம ஊர் ருசி இல்லை. குறை நியாயமாகத் தெரியலாம். ஆனால் ஊர்க் குழம்பைத் தேடிக்கொண்டு வெளிநாட்டு உணவகத்துக்குப் போகிறவர் அங்கே இருக்கும் கலையைப் பார்க்காமலே திரும்புகிறார். மீன் சமையலின் தரத்தை மசாலா முடிவு செய்வதில்லை. எந்த மீனை எடுப்பது, எந்த நொடியில் அடுப்பிலிருந்து இறக்குவது என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. அந்த இரண்டையும் மறைக்க இடமில்லாதபடி சமைத்துக் காட்டுகிறவர்கள் சிங்கப்பூரின் சீனச் சமையற்காரர்கள்.

இதற்கு ஓரா மீனைவிட நல்ல சாட்சி இல்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அடியில் கடற்புல் படர்ந்து கிடக்கிறது. அதை மேய்ந்து வளரும் ஓரா நாட்டுப்படகுக்காரர்களின் வலையில் தாராளமாகப் படும். முள் குத்தினால் நெடுநேரம் கடுக்கும். குடலை உடனே எடுக்காவிட்டால் பாசி நாற்றம் சதையில் ஏறிவிடும். வஞ்சிரத்துக்கும் வாவலுக்கும் கிடைக்கும் மரியாதை இதற்கு நம் கரையில் கிடையாது. அதே இனத்து மீனைச் சிங்கப்பூரின் தியோச்சியூ சீனர்கள் புத்தாண்டுப் பருவத்தில் சினையோடு தேடி வாங்குகிறார்கள். மற்ற நாட்களில் கேட்பாரற்ற மீனுக்கு அந்தச் சில நாட்களில் விலை எங்கோ போய்விடும். அவர்கள் அதற்குச் செய்வது மிகக் கொஞ்சம். உப்பில் ஊறிய புளிப்புப் பிளம், உப்பிட்ட கடுகுக்கீரை, இஞ்சி, இரண்டு தக்காளித் துண்டு, அவ்வளவுதான். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டு உள்ளே போகும். மீனுக்கு அடியில் குச்சியோ கரண்டியோ வைத்துத் தூக்கிவிடுவார்கள். ஆவி கீழேயும் சுற்றிவர வேண்டும். கண் வெளுத்துப் பிதுங்கும்போது எடுத்துவிட வேண்டும். சரியாக வெந்த மீனில் சதை முள்ளை விட்டு நழுவும், ஆனால் முள்ளை ஒட்டிய இடத்தில் ஒரு மினுமினுப்பு மிச்சமிருக்கும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் அது பஞ்சு. காண்டனீஸ் முறையில் தட்டில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, சோயாவும் காய்ந்த எண்ணெயும் ஊற்றுவார்கள். தியோச்சியூக்காரர்கள் அந்த நீரைத்தான் சாறாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவது முறையே மேல். மீன் கெட்டிருந்தால் அந்தச் சாறு காட்டிக்கொடுத்துவிடும்.

புளியும் காரமும் இல்லாத மீன் சப்பென்று இருக்கும் என்பார்கள். நாக்கு பழக வேண்டும் என்று இதற்குப் பதில் சொல்வது திமிர். நம் வீட்டுச் சமையலே சரியான பதிலை வைத்திருக்கிறது. கடற்கரையில் மீன்குழம்பு வைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் மீனை முதலில் போடுவதில்லை. புளியும் மிளகாய்த்தூளும் பச்சை வாடை போகக் கொதித்து, எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன் விழும். அப்புறம் கரண்டிக்கு வேலையில்லை. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி, இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடுவாள். முள்ளை ஒட்டிய மினுமினுப்பு அவளுக்கும் தெரியும். கடைக்குழம்பு இந்த இடத்தில்தான் தோற்கிறது. பதினோரு மணிக்குக் கொதித்த சட்டி மூன்று மணி வரை அடுப்பிலேயே கிடந்தால் எந்த மீனும் ஒரே மீன்தான். ஆக, ஆவியில் வெந்த ஓரா நமக்கு அந்நியமான ருசி இல்லை. நம் அடுக்களையில் இருந்து, நம் உணவகங்களில் தொலைந்துபோன கணக்கு.

தமிழ் உணவகங்களே சிங்கப்பூரில் இருக்கும்போது இவ்வளவு சுற்றுவானேன் என்று கேட்கலாம். இருக்கின்றன, அவற்றின் பெருமைக்குரிய பண்டமே என் வாதத்துக்குத் துணை. மீன்தலைக் கறியை 1949-இல் சோபியா சாலையில் கடை போட்ட எம். ஜே. கோமஸ் என்ற மலையாளி தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக அவர் கண்ட வழி அது. பின்னால் சீனச் சமையற்காரர்கள் தலையைத் தனியாக ஆவியில் வேகவைத்துக் குழம்பில் சேர்த்தார்கள். 1969-இல் தொடங்கிய முத்தூஸ் கறி, 1974-இல் வந்த பனானா லீஃப் அப்போலோ போன்ற கடைகள் அதைக் குட்டி இந்தியாவின் அடையாளமாக்கின. பெரிய சிவப்புச் செப்பிலித் தலை, வெண்டைக்காய், கத்தரிக்காய், வாழையிலை, பக்கத்தில் அப்பளம். கன்னச் சதையை விரலால் நெம்பினால் ஒரே துண்டாக வரும். கண்ணைச் சுற்றிய கொழகொழப்பும் உதட்டின் பசையும் அதற்குமேல். எந்தத் தமிழ்க் கிராமத்துக் குழம்பும் இல்லை இது. அசல் எது என்று பிடிவாதம் பிடிக்கிறவர் இந்தச் சட்டிக்கு முன் என்ன செய்வார்? மலையாளி கைக்குழம்பு, சீனர் நாக்கு, தமிழர் இலை. மூன்று பேரும் சேர்ந்தபோது தலை என்ற பாகத்துக்கே ஒரு தனிச் சமையல் கிடைத்தது.

எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. சில்லி கிராப் எனக்கு அளவுக்கு மீறிப் போற்றப்பட்ட பண்டமாகவே படுகிறது. 1956-இல் ஷெர் யாம் தியன் என்ற பெண்மணி கணவரோடு சேர்ந்து தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்தது. போத்தல் தக்காளிச் சாறும் மிளகாய்ச் சாறும்தான் அதன் தொடக்கம். தித்திக்கும் அந்தச் சிவப்புக் குழம்பை மந்தோ ரொட்டியால் துடைத்துத் தின்பது இன்பம்தான், மறுக்கவில்லை; ஆனால் உள்ளே கிடப்பது நண்டா வேறொன்றா என்பது அங்கே இரண்டாம்பட்சம். தொட்டியில் நீந்தும் மீன் என்றாலே உசத்தி என்ற நம்பிக்கையும் அப்படித்தான். நாட்கணக்கில் இரையில்லாமல் தொட்டியில் கிடந்த மீனைவிட, விடியற்காலையில் பிடித்து உடனே ஐஸில் போட்ட மீன் மேல்.

கடுமையான ஆட்சேபம் விலை பற்றியது. எடை போட்டு, அன்றைய விலை என்று மட்டும் எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்து, தங்கும் விடுதியில் பொட்டலச் சோறு சாப்பிடும் தொழிலாளி என்ன ரசிப்பார்? இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. தலைக்கறி ஒரு சட்டியை நான்கைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம், கோப்பிக்கடை வரிசையில் ஆவிமீன் கொஞ்சம் மலிவு என்பதெல்லாம் பாதிப் பதில்கள். ஆனால் விலை எட்டாதது கலையின் குற்றமாகாது. அதே கலைக்குச் சொந்த ஊரில் எந்த முதலும் தேவையில்லை. இட்லிக் கொப்பரை இல்லாத வீடு எது?

அப்படியிருக்க, கிழக்குக் கடற்கரைச் சாலை இத்தனை மீன்பிடி ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறதே, வழியில் ஓராவையோ கிழங்கானையோ முழு மீனாக எடை போட்டுக் கேட்டபடி சமைத்துத் தரும் கடை ஏன் அரிதாக இருக்கிறது? நல்ல இறாலும் நண்டும் கணவாயும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. மற்ற நாட்களிலும் இந்தக் கரையில் அதற்கு வாரம் மூன்று நாள்தான். ஆனால் ஓராவும் கிழங்கானும் கொண்டுவரும் நாட்டுப்படகுக்கு மிச்ச நாட்கள் இருக்கின்றன. சரக்குத் தட்டுப்பாட்டை முழுக் காரணமாக்க முடியாது. மேசையில் உட்கார்ந்தவர் இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்பதில்லை. வஞ்சிரம் இருக்கா என்கிறார். கடைக்காரரும் ஐஸ்பெட்டியைத் திறந்து, இருக்கு என்கிறார்.