மலைக்கள்ளனின் குதிரைப் பாட்டு

மலைக்கள்ளன் (1954) கோவை பட்சிராஜா ஸ்டுடியோ தயாரித்த தமிழ்த் திரைப்படம். எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கினார். கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, வசனம் மு. கருணாநிதி, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் இது. இதில் எம்.ஜி.ஆர். குதிரைமேல் பாடியபடி வரும் காட்சியே, பாடும் கௌபாய் என்ற அமெரிக்கத் திரை வகைக்குத் தமிழில் மிக நெருக்கமானது.

அவ்வகையின் முதல் பெரும் நட்சத்திரம் ஜீன் ஆட்ரி (1907–1998). தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து, வானொலிப் பாடகராகி, 1930களில் திரை நாயகர் ஆனவர். அவர் பெயரில் வழங்கும் 'கௌபாய் நெறி' குடியையும் புகையையும் விலக்கியது. முதலில் சுடாதே, முதியோரிடமும் குழந்தைகளிடமும் அன்பாயிரு என்றது. எம்.ஜி.ஆர். திரையில் காத்த ஒழுக்கமும் ஏறத்தாழ இதுவே. இதைக் கொண்டு அவரைத் தமிழின் ஆட்ரி என்று சொல்லிவிடத் தோன்றும். அது சரியல்ல.

முதலில், இந்தக் குதிரைக்கு மாடே இல்லை. கொங்கில் மாடு உண்டு. அதைக் குதிரையேறி மேய்க்கும் தேவை எழவில்லை. காங்கேயம் பக்கம் கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில் மாட்டை விட்டுப் படலைச் சாத்தினால் போதும். அன்னூர்ப் பக்கத்து மேய்ப்பர் நடந்தே மேய்த்தார். ஆகவே மலைக்கள்ளன் மேய்ப்பனாக வரவில்லை, ஏழைக்கு உதவும் கள்வனாக வருகிறான்.

இரண்டாவது, பாட்டின் பொருள். ஆட்ரி பெரும்பாலும் வெட்டவெளியையும் வீட்டு நினைவையும் காதலையும் பாடினார். மலைக்கள்ளன் ஏமாற்றுக்காரர்களைக் கேள்வி கேட்கிறான். பள்ளி, கைத்தொழில், பசியில்லாத ஊர் என்று அடுக்குகிறான். எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்த மறு ஆண்டு வந்த படம் என்பதால் இதைக் கட்சிப் பாட்டாகவே கேட்டுப் பழகிவிட்டோம். 1982இன் சத்துணவுத் திட்டத்தை இதில் முன்கூட்டியே கேட்பவர்களும் உண்டு. எழுதியவரோ கோவை அ. அய்யாமுத்து. காங்கேயம் அருகே பரஞ்சேர்வழியில் பிறந்தவர். வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றவர். கதர்ப் பணியில் பல்லாண்டு உழைத்த காந்தியர். அப்பாட்டில் இருப்பது காந்தியின் நிர்மாணத் திட்டம். குதிரை நடைக்கு ஏற்ற தாளத்தில் அது வந்ததால் பிரசாரமாக ஒலிக்கவில்லை. சுப்பையா நாயுடுவின் திறமை அது.

மூன்றாவது, குரல். ஆட்ரி தன் குரலில் பாடினார். தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அப்படித்தான். மலைக்கள்ளனில் உடல் எம்.ஜி.ஆருடையது, குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. கிருஷ்ண விஜயத்தில் (1950) டி.எம்.எஸ்.ஸைத் திரைக்குக் கொண்டுவந்தவரும் சுப்பையா நாயுடுதான். (இதே படத்தில் நாயகி பி. பானுமதி தன் குரலிலேயே பாடுகிறார். நாயகனுக்குத்தான் இரவல் தேவைப்பட்டது.)

பாடும் நாயகன் என்ற இனம் மறையும் காலத்தில்தான் தமிழுக்குப் பாடும் குதிரைவீரன் கிடைத்தான். நடிகர், பாடகர், கவிஞர் என மூன்று பேராகக் கிடைத்தான். ஜெய்சங்கர் நடித்த கங்கா (1972) போன்ற பிற்காலப் படங்கள் தொப்பியையும் துப்பாக்கியையும் அப்படியே கொண்டுவந்தன. ஆனால் இப்பாட்டின் கோபத்துக்கு அவற்றில் இடமில்லை.

வானொலியில் அப்பாட்டைக் கேட்டால் இன்றும் அன்னூர்க்காரர் "எம்.ஜி.ஆர். பாட்டு" என்பார். கொங்குக்காரரான அய்யாமுத்துவின் பெயர் அவர் வாயில் வருவதில்லை.