காவலூரில் நக்ஷத்திரத்தின் நடுக்கம்

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளைக் கடந்து, வாணியம்பாடியில் தெற்கே திரும்பிச் செல்வோருக்கு ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் எதிர்ப்படும் காவலூர் வானாய்வுக்கூடத்தில், 1.3 மீட்டர் விட்டமுள்ள ஜே.சி. பட்டாச்சார்யா தொலைநோக்கி, பாகையின் 3,600-ல் ஒரு கூறான விகலையில் பத்திலொரு பங்கையும் விதிப்படி பிரித்துக் காட்டவேண்டியதாயினும், வெப்பமும் குளிர்ச்சியும் கலந்து புரளும் வாயுமண்டலம் ஒளியலைகளைக் குலைத்துவிடுவதால், நக்ஷத்திரத்தின் பிம்பம் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பரந்து நடுங்குகிறது.

இக்குலைவை அது நிகழும் கணத்திலேயே அளந்து, உருமாறும் ஒளியியல் உறுப்பொன்றினால் நேர்செய்யலாம் என்று வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் 1953-ல் எழுதினார். காவலூரில் நடந்தது அதன் முதற்படி: பிம்பம் மையத்திலிருந்து விலகும் அளவை வேகமான காமிரா கண்டு சொல்ல, சிறிய ஆடியொன்று எதிர்த்திசையில் சாய்ந்து அதை மீட்டுவருகிறது. ஓசூர்ப் பட்டறைகளில் சர்வோ மோட்டாருடன் பழகியவர்க்கு, தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் இச்சுழற்சி புதிதன்று. 2019-ல் வெளியான ஆய்வுக்கட்டுரையின்படி பிம்பத்தின் சலனம் சுமார் 14 மடங்கு குறைந்து, தெளிவு 57 சதவீதம் வரை உயர்ந்து, உச்சப் பிரகாசம் ஏறத்தாழ 2.8 மடங்காயிற்று. எளிய உபகரணத்துக்கு இது சாமானியப் பலன் அன்று. மங்கிய ஒளியை நிறமாலைமானியின் குறுகிய பிளவுக்குள் செலுத்த அரும்பாடுபடுவோர் இதன் அருமையை அறிவர்.

காற்றினால் ஒளியலையின் முகப்பில் நேரும் அலைமுகப் பிழையின் சராசரி வர்க்கத்தில் ஏறத்தாழ 87 சதவீதம், அச்சிறிய ஆடி திருத்தும் வெறும் சாய்வே என்பது சித்தாந்தம்; அதைக் கேட்டவர் வேலை அநேகமாக முடிந்ததென்று எண்ணக்கூடும். ஆனால் காற்று ஒழுங்காயிருக்கும் துண்டின் அகலம், கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், தொலைநோக்கியின் 1.3 மீட்டர் ஆடியின்மீது அத்தகைய துண்டுகள் சுமார் 170 அடங்கும். அவை ஒவ்வொன்றும் தன்போக்கில் அலையைக் கலைப்பதால், எஞ்சிய 13 சதவீதமே பிம்பம் கூர்மையடையாமல் தடுக்கப் போதுமானது. அவ்வளவையும் திருத்த முற்பட்டால், ஒரே நக்ஷத்திரத்தின் ஒளியை அத்தனை கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் சில மில்லிவினாடிகளுக்குள் அளக்கவேண்டும். அதற்கேற்ற பிரகாசமுள்ளவை வானில் சிலவே, திருத்தம் செல்லுபடியாகும் பரப்போ அவற்றைச் சுற்றிச் சில விகலைகளே. லேசர் கொண்டு செயற்கை நக்ஷத்திரம் படைக்கலாம். அது பேராய்வுக்கூடங்களுக்கே கட்டுப்படியாகும்.

ஆகையால், புலப்படும் ஒளியிலேயே முழுத் திருத்தத்தை நாடுவது இங்கே பொருந்தாத ஆசை என்பதே என் துணிபு. அகச்சிவப்பில், 1.65 மைக்ரான் அலைநீளத்தில், அதே காற்றின் துண்டு 37 சென்டிமீட்டராக விரிந்து, திருத்தவேண்டிய கூறுகள் சுமார் 12 ஆகச் சுருங்கிவிடும். மழைமேகம் மறைக்காத மாதங்கள் காவலூருக்குக் குறைவாகையால், கிடைக்கும் தெளிந்த இரவுகளை அகச்சிவப்பின் இந்த எளிய வழிக்கே செலவிடுதல் தகும்.