உள்ளூர் மேளமும் வெளியூர் மேளமும்

நாவலும் சிறுகதையும் கவிதையும் விமரிசனத்துக்கு உரியன என்பதை நாம் ஏற்றுக்கொண்டுள்ளோம். நாடகம் ஒன்று மேடையேறினால் அதன் குணங்குற்றங்களை எடுத்துரைக்க நம்மிடையே நாலு பேராவது உளர். மண்டபங்களில் நடைபெறும் வாய்ப்பாட்டுக் கச்சேரிகளுக்கும் பத்திரிகைகளில் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் நம் மக்களுட் பெருந்தொகையினர் தொட்டிற் பருவம் முதலாகக் கேட்டுவரும் நாதசுர இசையைப் பற்றி ஆய்ந்து எழுதுவோர் அரியர். கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் அது ஒலிக்கிறது. நாமும் அங்கே இருக்கிறோம். எனினும் அதனைக் கேட்கிறோம் என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல நம்மாற் கூடுமா? தாலி கட்டும் வேளையில் வேண்டாத ஒலிகள் காதில் விழாதபடி மறைக்கும் திரையாகவே அதனைப் பெரிதும் பயன்படுத்திவந்துள்ளோம். விமரிசனத்துக்கு உரியதெனக் கருதப்படாத கலை நாளடைவில் மதிப்புக்கு உரியதெனவும் கருதப்படாது போகும்.

இவ்வாண்டு பங்குனி மாதத் தொடக்கத்தில், கோயில்களிற் கொடியேற்றக் காலம் தொடங்குவதற்கு முன்னர், வலிகாமத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலைய முற்றத்தில் ஒரு மேளக்கச்சேரி நடைபெற்றது. நிலையத்தைச் சேர்ந்த இளைஞர் குழு, அவ்வாண்டுத் திருவிழாக் காலத்தைத் தொடக்கிவைக்கும் முகமாக அதனை நடத்தியது. நாதசுரம் ஐந்து, தவில் நான்கு, தாளம் ஒன்று. வாசித்த பதின்மருள் இருவர் பெண்கள். பரம்பரைக் கலைஞர் வீட்டுப் பிள்ளைகளும், பரம்பரையில்லாது ஆர்வத்தாற் பயின்றோரும் ஒரே பாயில் அமர்ந்து வாசித்தனர். தஞ்சை மாவட்டத்திலிருந்து நாதசுர வித்துவான் ஒருவரும், அவருடன் இணைந்து வாசிப்பவரும், தவில் வித்துவான் ஒருவரும் விருந்தினராய் வந்திருந்தனர். தனிமனிதரைப் போற்றுவதோ தூற்றுவதோ நமது நோக்கமன்று. ஆதலின் பெயர்களை விடுத்துக் கலையையும் அதனைச் சூழ்ந்த நிலைமையையும் மட்டுமே பேசுவோம்.

கச்சேரி, மரபு வழுவாது, கம்பீரநாட்டை மல்லாரியுடன் தொடங்கிற்று. மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. சுவாமி புறப்படுகிறார் என்பதை ஊருக்கு அறிவிக்கும் இசை அது. தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று நிகழ்ச்சிக்கேற்பப் பலவாய் அமைவது. சொல்லின் துணையின்றி, இராகமும் காலப் பிரமாணமும் மட்டுமே கொண்டு ஒரு கூட்டத்தை எழுந்து நிற்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. ஐந்து நாயனங்களும் ஒருசேர எழுந்த அத்தொடக்கம் உண்மையிலேயே மெய்சிலிர்க்க வைத்தது. முதலாங் காலத்திலும் இரண்டாங் காலத்திலும் இளைஞர்கள் ஒரே மூச்சாய் நின்றனர். மூன்றாங் காலத்தில் அந்த ஒருமை குலைந்தது. விரல்கள் ஓடின, மூச்சுப் பின்தங்கிற்று. மேல் நிலைச் சுரங்களில் இரு நாயனங்கள் சற்றே ஏறி நின்றன. சீவாளி நாணற்றட்டையாற் செய்யப்படுவது. உமிழ்நீரின் ஈரத்துக்கும் உதட்டின் அழுத்தத்துக்கும் ஏற்ப அதன் சுருதி மாறும். தனியே வாசிப்பவர் அதனைத் தம் உதட்டாலே திருத்திக்கொள்வார். ஐவர் கூடி வாசிக்கையில் ஒவ்வொருவரும் மற்ற நால்வரையும் கேட்டுத் திருத்திக்கொள்ளல் வேண்டும். கூட்டிசையின் முதற் பாடம் வாசிப்பதன்று, கேட்பது. இப்பாடத்தில் நம் இளைஞர்க்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்பதை மறைத்துரைப்பது அவர்க்குச் செய்யும் நன்மையாகாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மல்லாரியை அடுத்து அம்சத்துவனியில் ஒரு கீர்த்தனையை நிறைவாக வாசித்தவர்கள், உடனே சினிமாப் பாடல்களுக்குத் தாவிவிட்டனர். சினிமாப் பாடல் தீண்டத்தகாதது என்பது நம் கருத்தன்று. 1962 இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்திற் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து சென்றதை எவர் மறப்பர்? ஆனால் அங்கே நாதசுரம் தன் இயல்பை விடாது சினிமாவுக்குள் நுழைந்தது. இங்கே சினிமா தன் மெட்டை மட்டும் தந்து நாதசுரத்தின் இயல்பைப் பறித்துக்கொண்டது. கமகம் குன்றியது, மெட்டு மட்டும் எஞ்சிற்று. “சனம் கேட்குது, என்ன செய்யிறது?” என்று இளைஞர் ஒருவர் பின்னர் நம்மிடம் கூறினார். மக்கள் இதைத்தான் கேட்பார்கள் என்ற கூற்று எப்போதும் மக்கள்மீது சுமத்தப்படும் பழியே. அன்று அதே மக்கள்தாம் அடுத்து வந்த நீண்ட தோடியை அசையாது இருந்து கேட்டார்கள்.

அத்தோடியைப் பற்றிச் சொல்லவேண்டும். விருந்தினராய் வந்த முதிய வித்துவான், வாசிக்கத் தொடங்கும் முன் ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்குமாறு கேட்டுக்கொண்டார். வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியத்தை ஒலிவாங்கியின் வாய்க்குள் திணித்து, தவில் நான்கினையும் அவ்வாறே பெருக்கி, ஒலியைக் காதுக்கு அடியாக்கும் வழக்கம் நம்மூரில் வேரூன்றிவிட்டது. ஒலி தணிந்ததும் இசை கேட்கத் தொடங்கியது. அவர் வாசித்தது பாரி நாயனம். திமிரி எனப்படும் குறுகிய நாயனம் உச்சச் சுருதியில் ஒலிப்பது. அதைவிட நீண்டு, தணிந்த சுருதியிற் பேசும் பாரி நாயனம் நிலைபெற்றதில் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளைக்குப் (1898–1956) பெரும்பங்குண்டு. தஞ்சைப் பகுதியின் நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளின் உத்திரமாய் இருந்து முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து இதனைச் செய்யும் ஆசாரிமார் வாழ்கின்றனர். அவர்தம் கைவினைக்கு 2022 ஆம் ஆண்டில் இந்தியாவிற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வித்துவானின் பெயரை அறிந்த நாம், அவர் கையிலுள்ள குழலைக் கடைந்த தொழிலாளியை நினைப்பதில்லை.

தோடியின் காந்தாரத்தில் அவர் நெடுநேரம் நின்றார். ஒரு சுரத்தை அசைத்து அசைத்து, அதனுள்ளிருந்து ஓர் உலகத்தைப் புறப்படச் செய்தார். அவசரமில்லை, வித்தை காட்டலில்லை. மூச்சு முடியுமிடத்தை நாம் உணராதபடி துணைவாசிப்பாளர் எடுத்துத் தொடர்ந்தார். ஒருவரையொருவர் கேட்டு வாசித்தல் என்று மேலே நாம் கூறியது எதுவென்பதற்கு அதுவே விளக்கமாய் இருந்தது.

தனியாவர்த்தனத்தில் விருந்துத் தவிலோடு உள்ளூர் இளைஞர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். தவில் விடயத்தில் ஈழத்துக்குத் தாழ்வுமனப்பான்மை வேண்டியதில்லை. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த வி. தெட்சணாமூர்த்தியின் (1933–1975) தவிலைத் தமிழகத்து வித்துவான்களே விரும்பியழைத்துத் தம்மோடு வாசிக்கச் செய்தனர். பூவரசங் குச்சி ஒரு கையிலும் கூடணிந்த விரல்கள் மறு கையிலுமாக, பலாமரக் கொட்டிலிருந்து அவர் எழுப்பிய நாதத்தை ஒலிப்பதிவுகளிற் கேட்போர் இன்றும் வியக்கின்றனர். அன்று வாசித்த இளைஞரிடம் அந்தப் பாணியின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. மிச்ர நடையில் அவர் வைத்த கோர்வை ஒன்றுக்கு விருந்தினரே தலையசைத்தார். ஒலியைக் குறைத்து நுட்பத்தைக் காட்டும் துணிவு மட்டும் அவருக்கு வரவேண்டும்.

இனி, அன்றைய நிகழ்ச்சியில் நம் உள்ளத்தை விட்டகலாத ஒரு பகுதி. கச்சேரி முடியும் தறுவாயில் முதிய வித்துவான் உள்ளூர்க் குழுவிலிருந்த பதினாறு வயதுப் பையனை அருகழைத்து, கரகரப்பிரியா வாசிக்கச் சொன்னார். பையன் தயங்கினான். சுருதிப்பெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரியவர் தம் நாயனத்தை எடுத்து ஆதார சட்சத்தை ஊதத் தொடங்கினார். ஒத்து ஊதுவது இத்தொழிலிற் கடைநிலைப் பணி. பயிலத் தொடங்கும் சிறுவர் செய்வது. சுருதிப்பெட்டி வந்தபின் அதுவும் அருகிவிட்டது. அப்பணியை, மேடையில் மூத்தவர், ஒரு பையனுக்காகச் செய்தார். பையன் வாசித்தான். பிழையின்றி வாசித்தான் என்று கூறமாட்டோம். தைவதத்தில் இருமுறை தடுமாறினான். ஆயினும் அக்கால்மணி நேரத்தில் ஓர் இராகம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறியதை நாம் கண்ணாற் கண்டோம்.

கலைஞன் கலைஞனுக்குச் செய்த இம்மரியாதையை ஊர் செய்ததா? விருந்தினருக்கு மேடை, கம்பளம், பொன்னாடை, பயணச் செலவு, சன்மானம் யாவும் முறையாக வழங்கப்பட்டன. அது முற்றிலும் சரியே. உள்ளூர்க் குழுவினருக்கு மேடைக்குக் கீழே பாய். சன்மானம் பற்றிக் கேட்டபோது ஏற்பாட்டாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவை எங்கடை பொடியள்தானே, மாஸ்டர்!”

இச்சொற்களை நாம் பல நாள் எண்ணிப் பார்த்தோம். கேட்பதற்கு அன்பு நிறைந்த சொற்கள். ஆனால் ‘எங்கடை’ என்ற உரிமை, கூலி கொடாதிருப்பதற்கு மட்டுமே இங்கே நினைவுக்கு வருகிறது. சீவாளி வாங்கவும் தவிலுக்குத் தோல் மாற்றவும் அந்த உரிமை உதவுவதில்லை. உழைப்பை உறவின் பெயராற் பெற்றுக்கொள்வது நிலப்பிரபுத்துவ வழக்கத்தின் எச்சம். அடிமைகுடிமை முறையிலும் ‘எங்கள் ஆட்கள்’ என்றுதான் கூறினர்.

இவ்விடத்து நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கரகரப்பிரியா வாசித்த அப்பையன் நமது மாணவன். திருவிழாக் காலத்தில் இரவு முழுதும் வாசித்துவிட்டுக் காலையில் வகுப்பில் உறங்குவான். சில நாள் வரவே மாட்டான். இடாப்பில் வரவின்மையைக் குறித்துவிட்டுப் பலமுறை அவனைக் கடிந்துள்ளோம். கணிதத்திற் குறைந்த புள்ளி பெற்றபோது, “அவனுக்கென்ன, மேளம் இருக்குத்தானே” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கூற, மற்றையோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை, ஆயினும் மறுத்தும் பேசவில்லை. சகமாணவர் ‘மேளகாரன்’ என்று கேலி செய்வதால் அவன் தன் நாயன உறையைப் பாடசாலை வழியே கொண்டு செல்வதில்லை என்பதைக் கச்சேரியன்றுதான் அறிந்தோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அதே வகுப்பில் நாம் கற்பித்திருக்கிறோம். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவர் தகுதியையும் இளங்கோ ஒரே வரிசையில் வைத்துக் கூறுவதை விளக்கியிருக்கிறோம். மூன்றாம் வாங்கிலில் ஒரு குழலோன் அமர்ந்திருந்தான். அவனை நோக்கி நம் கை ஒருநாளும் நீளவில்லை.

வெளியூர் வித்துவான்களை அழைப்பது வீண்செலவு என்று சிலர் இப்போது சொல்லத் தொடங்கியுள்ளனர். இது குறுகிய நோக்கு; நாம் இதனை ஏற்கோம். கடலின் இருகரைக்கும் இடையே மேளம் போய்வந்ததாலேயே இரு கரையும் வளர்ந்தன. விருந்தினரின் தோடி இல்லையேல் நம் இளைஞர்க்குத் தம் குறை தெரிந்திராது. அந்தச் சட்சம் இல்லையேல் பையனுக்குத் தன் நிறையும் தெரிந்திராது. நமது சண்டை விருந்தினரோடு அன்று. விருந்தினரைப் போற்றும் அதே மூச்சில் வீட்டாரைத் திண்ணையில் நிறுத்தும் மனப்பாங்கோடேயாம். நின்றபடி, மேலாடையின்றி, இடுப்பிற் துண்டு கட்டி வாசிக்க வேண்டும் என்ற நியதியை இராஜரத்தினம் பிள்ளை தம் காலத்தில் எதிர்த்து நின்றார். அவரது தோடியைப் புகழும் நாம் அவரது அந்தத் தன்மானத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

செய்யவேண்டியவை பெரியனவல்ல. அடுத்த ஆண்டு ஒரே மேடையில் இரு சாராரும் அமரட்டும். சன்மானம் முன்கூட்டியே பேசப்பட்டு, கேளாமலே கையில் வைக்கப்படட்டும். குழுவினர் வாரம் ஒருநாளேனும் கூடிச் சுருதி சேர்த்துப் பழகுவதற்கு நிலையத்தின் அறை திறந்துவிடப்படட்டும். திருவிழாக் காலத்து இராப்பணியை ஆசிரியர்களாகிய நாம் சோம்பலாகக் கருதாது, தவறிய பாடத்தை மாலையிற் சொல்லிக்கொடுக்க முன்வருவோம். யாழ் வழக்கொழிந்த பின்னும் விபுலாநந்த அடிகள் அதனைத் தேடி ஆய்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தார். நாதசுரம் இன்னும் நம்மிடையே உயிரோடு ஒலிக்கிறது. அது வழக்கொழிந்த பின் ஆராய்வதிலும், ஒலிக்கும்போதே அதனை வாசிப்பவன் பசியையும் மானத்தையும் கவனிப்பது மேல்.

கச்சேரிக்கு அடுத்த திங்கட்கிழமை அம்மாணவன் வகுப்புக்கு நேரத்தோடு வந்தான். நாயன உறை அவன் தோளில் இருந்தது. பின்வாங்கிலிலிருந்து யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். இம்முறை நாம் பாடத்தை நிறுத்தினோம்.