தூண்களைச் சாய்த்த தோள்கள்

பியெட்ரோ பிரான்சிஸ்சி 1958இல் இயக்கிய ‘ஹெர்குலிஸின் அரும்பணிகள்’ என்னும் இத்தாலியப் படம் ஒரு வெள்ளத்திற்கு மடை திறந்துவிட்டது. வாளும் வார்ச்செருப்பும் தரித்த வீரர்களின் படங்கள் அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் அந்நாட்டிலிருந்து தொடர்ந்து வெளிவந்தன. அட்டைப் பாறைகளும், ஒட்டுத் தாடிகளும், வாயசைவுக்கு ஒவ்வாத குரல்களும் இன்று நமக்கு நகைப்பூட்டலாம். ஆயினும் இவற்றை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

இவ்வீரர்களுக்கு மூதாதை மச்சிஸ்தே. ஜொவான்னி பாஸ்ட்ரோனே 1914இல் எடுத்த ‘கபீரியா’ என்ற மௌனப் படத்தில் அவன் ஓர் அடிமை. மோலேக்குக்குப் பலியாகவிருந்த சிறுமியை மீட்கத் துணைநிற்கிறான். அதன் பொருட்டுப் பிடிபட்டு, கார்த்தேஜில் ஆண்டுக்கணக்காக மாவரைக்கும் கல்லோடு பிணைக்கப்படுகிறான். காசாவின் சிறையில் மாவரைத்த சிம்சோனை நினையாமல் அக்காட்சியைக் காண இயலுமோ? அவ்வேடமேற்ற பர்த்தொலொமேயோ பகானோ ஜெனோவாத் துறைமுகத்தில் உழைத்த தொழிலாளி. எளியவனின் தோள்வலி எளியோரைக் காக்கிறது. இப்படங்களின் கவர்ச்சிக்கு வேர் இதுவே என்போம்.

1958ஆம் ஆண்டுப் படத்திலும் ஓர் அரிய காட்சி உண்டு. ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த ஹெர்குலிஸ், மனிதரைப் போல் அன்பும் போராட்டமும் அறிய விழைந்து, தன் சாகாவரத்தையே துறக்கிறான். மழை பொழிகிறது. தம்மை வெறுமையாக்கிய இறைமகனைத் தியானித்துப் பழகிய நம் நெஞ்சு அங்கே சற்றே நின்றுவிடுகிறது. படமோ நிற்பதில்லை. துறந்ததனால் அவன் இழந்தது என்ன? ஒன்றுமில்லை! இறுதியில் சங்கிலிகளைத் தூண்களில் சுற்றி இழுக்கிறான். மண்டபம் பகைவர்மேல் சரிகிறது. அவன் காதலியோடு கப்பலேறிச் செல்கிறான்.

நீதித் தலைவர்கள் நூல் காட்டும் சிம்சோன் அப்படிச் செல்லவில்லை. கண்ணிழந்து, ஏளனத்திற்கு ஆளாகி, இறைவனை மன்றாடி, தாம் சாய்த்த தூண்களின் கீழேயே மடிந்தார். அமெரிக்க விநியோகத்தார் மச்சிஸ்தே படங்கள் சிலவற்றில் நாயகனுக்குச் ‘சிம்சோன்’ என்றே பெயர் சூட்டினர். வேறு சிலவற்றில் ‘கோலியாத்து’ என்றனர்! (தாவீது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ?) பெயரை எடுத்துக்கொண்டார்கள், காயத்தை விட்டுவிட்டார்கள். மாரியோ பாவா 1961இல் வண்ண ஒளியைக் கொண்டே பாதாள உலகைப் படைத்துக் காட்டிய திறத்தை மெச்சுகிறோம். ஆயினும் அந்தப் பாதாளத்திலும் ஹெர்குலிஸின் உடல் நோவதில்லை.

நடித்தவர்க்கு நொந்தது. 1959இல் ‘பொம்பேயின் இறுதி நாட்கள்’ படப்பிடிப்பில் ரீவ்ஸின் தேர் மரத்தில் மோத, அவரது தோள்மூட்டு நழுவியது. தூண்களை இழுத்துச் சாய்த்த அந்தத் தோளின் வலி பின்னர் நெடுநாள் அவரை விட்டு நீங்கவில்லை.