உருளைக்கிழங்கு வாளியில் விழும் ஓசை

அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் தாய் 1984இல் இறந்தார். அவர் நினைவாக ஹீனி எழுதிய எட்டு சானெட்டுகளின் வரிசை ‘கிளியரன்ஸஸ்’, 1987இல் ‘தி ஹா லான்டர்ன்’ தொகுப்பில் வந்தது. எனக்குப் பிடித்தது மூன்றாவது. வீட்டார் பூசைக்குப் போயிருக்க, தாயும் மகனும் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

முதல் எட்டு அடிகள் இரண்டிரண்டாக இயைகின்றன, ஆனால் அரைகுறையாக. ‘மாஸ்’ என்று முடியும் அடிக்குத் துணை ‘பொட்டேட்டோஸ்’. ‘ஷேர்’ என்பதற்கு ‘வாட்டர்’. நம் இலக்கணம் இதை இயைபு என்று ஒப்புமா, சந்தேகம்தான். அருகருகே அமர்ந்து பேசாமல் வேலை செய்யும் இருவருக்கு இந்தப் பட்டும் படாத இயைபே பொருத்தம்.

அடுத்த ஆறடி மரணப் படுக்கைக்குத் தாவுகிறது. அங்கேதான் முதன்முறையாக முழு இயைபு: ‘டையிங்’, ‘க்ரையிங்’. பாதிரியாரின் உரத்த செபத்துக்கு ஏற்ற சத்தம். மகனின் மனமோ கிழங்கு வாளிக்குத் திரும்பிவிடுகிறது. பதின்மூன்றாம் அடியில், அதுவரை நெகிழ்ந்து நடந்த சந்தம் பிசகாத ஐந்து சீராகிறது. இரு கத்திகளும் ஒரே தாளத்தில் முங்கி எழுகின்றன. கடைசி அடி அழுத்தமான அசையில் தொடங்கி அந்தத் தாளத்தைக் கலைக்கிறது. ஆனால் ‘நைவ்ஸ்’, ‘லைவ்ஸ்’ என்று இயைபு மட்டும் கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது.